பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய மடக்குக் கத்தி சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எங்கே கிடைக்கும்?" என்பதுதான். கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆலைகள் வந்த பிறகு கோடிக்கணக்கில் செய்து விற்ற பொருள் இது. சட்டைப்பையில் தொலைந்தது, தேய்ந்தது, உடைந்தது எல்லாம் போக மிச்சம் இன்னும் நிறையவே இருக்கிறது. சிரமம் வேறிடத்தில். கையில் எடுத்த கத்தியைச் செய்தவர் யார், எந்தக் காலத்தது, அதில் எவ்வளவு அசலாக மிஞ்சியிருக்கிறது என்று கண்டுகொள்ள வேண்டும். இந்த மூன்றுக்கும் விடை கத்தியின் உடம்பிலேயே இருக்கிறது. அவசரப்பட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த விடையும் சேர்ந்து அழிந்துவிடும். அதனால் சந்தை, ஏலம் பற்றி இங்கே கொஞ்சமாகவும், கத்தியைப் படிப்பது பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

1. உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெட்டும் பாகம் அலகு. ஒரு கத்தியில் ஒன்று முதல் நாலைந்து அலகுகள் வரை இருக்கலாம். அலகின் அடியில், அச்சாணியில் சுழலும் தடித்த பகுதிக்கு டேங் என்று பெயர். செய்தவரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். டேங்கை ஒட்டி, அலகின் கூர்ப்பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு தெரியும். கத்தியை மடக்கும்போது கூர் உள்ளே போய் ஸ்பிரிங்கில் இடிக்காமல் தடுப்பது இதுதான். இதைக் கிக் என்பார்கள். இப்போதைக்குப் பெயரை மட்டும் மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கைப்பிடியின் முதுகில் எஃகு ஸ்பிரிங் ஓடுகிறது. உள்ளே இருபுறமும் பித்தளைத் தகடோ இரும்புத் தகடோ இருக்கும், அது லைனர். அதன்மேல் எலும்பு, கொம்பு, மரம், செல்லுலாய்டு (பழங்காலப் பிளாஸ்டிக்) என ஏதோ ஒன்றில் செய்த பட்டைகள். முனைகளை மூடியிருக்கும் உலோகக் கட்டி போல்ஸ்டர். பட்டையில் பதித்த சின்ன உலோகச் சின்னம் ஷீல்டு. அலகைத் திறக்க நகம் கொடுக்கும் பள்ளம் நகக்குழி.

பழைய கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்து வைக்கிறது. இந்த வகைக்கு ஸ்லிப்ஜாயின்ட் என்று பெயர்.

2. ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் பெட்டி நிறையும், அறிவு நிறையாது. ஒரே தயாரிப்பாளர், ஒரே வடிவம், ஒரே நாடு, ஒரே தொழில் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரரின் ஒட்டுக்கட்டும் கத்தி, மாலுமியின் கத்தி, எலக்ட்ரீஷியன் கத்தி என்று தொழில்வாரியாகச் சேர்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. ஒவ்வொரு அலகும் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது தானாகப் புரிந்துவிடும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ராணுவக் கத்திகளைத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் கத்திகளில், கறுப்பாகக் கட்டம் போட்ட பட்டை, டின் திறக்கும் அலகு, கயிற்று முடிச்சை அவிழ்க்கும் கூர்முள் ஆகியவற்றோடு, அரசுச் சொத்து என்பதைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறியும் பல நேரம் ஆண்டும் பொறித்திருக்கும். சுவிட்சர்லாந்தின் படைவீரர் கத்திகளிலும், குறிப்பாக 1951, 1961 மாதிரிகளில், டேங்கில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். அமெரிக்கப் படையின் டிஎல்-29 என்ற கத்தியில் ஓர் அலகும் பூட்டிக்கொள்ளும் ஒரு திருப்புளியும் மட்டுமே. எளிமையானது, ஆனால் பல நிறுவனங்கள் செய்ததால் ஒப்பிட்டுப் பார்க்க அருமையானது. வயது வெளிப்படையாக எழுதியிருக்கும் கத்திகளில் கண்ணைப் பழக்கிவிட்டால், எழுதாத கத்திகளைக் கணிப்பது பிற்பாடு சுலபமாகும்.

3. தேட வேண்டிய இடங்கள்

பழம்பொருள் சந்தை, வீட்டைக் காலி செய்யும்போது நடக்கும் சாமான் விற்பனை, பழைய இரும்புக்கடை, ஏலம், இணைய விற்பனைத் தளம். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாதது, கத்தி 'கத்தி' என்ற பெயரில் இருக்காது என்பதுதான். தையல் பெட்டிக்குள், தூண்டில் சாமான் பெட்டிக்குள், பேனா மை அடங்கிய எழுதுபொருள் தொகுப்புக்குள், சாவிக்கொத்தோடு சேர்ந்து கிடக்கும். சந்தைக்குப் போனால் கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைத்தவரைவிடக் கருவிகளைக் குவித்துப் போட்டிருப்பவரிடம் முதலில் போங்கள். "சின்னக் கத்தி, பேனாக்கத்தி ஏதாவது இருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மேசையில் இல்லாதது வண்டிக்குள் இருக்கும்.

இணையத்தில் மொத்தமாக விற்கும் குவியல்களின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயரைத் தப்பாக எழுதி விற்கிறவர்களும் உண்டு, ஆகையால் நிறுவனப் பெயர்களின் பிழையான எழுத்துக்கூட்டல்களையும் தேடிப் பார்க்கலாம். தனிக் கத்தியென்றால் பணம் கொடுக்கும் முன் இந்தப் படங்களைக் கேட்டு வாங்குங்கள்: எல்லா அலகும் திறந்த நிலையில் இரு பக்கமும், மூடிய நிலையில் இரு பக்கமும், முதுகுப்புற ஸ்பிரிங், ஒவ்வொரு டேங்கின் நெருக்கமான படம். கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள்.

4. முத்திரையைப் படியுங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியும் ஒரு சின்ன டார்ச்சும் போதும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், தேய்ந்துபோன எழுத்தும் நிழலோடு எழும்பித் தெரியும்.

முதலில் ஊர். கத்திக்குப் பேர்போன ஊர்கள் சில உண்டு: இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், ஜப்பானின் மிக்கி. ஊர் தெரிந்ததும் நிறுவனம். ஷெஃபீல்டின் ஜோசஃப் ராட்ஜர்ஸ் கத்திகளில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருக்கும். ஜார்ஜ் வோஸ்டன்ஹோமின் அடையாளம் 'ஐ எக்ஸ் எல்' என்ற எழுத்துகளும் நடுவில் ஒரு நட்சத்திரமும். சோலிங்கனின் ஹெங்கல்ஸுக்கு இரட்டையர் சின்னம், போக்கருக்கு மரம்.

அடுத்தது நாட்டின் பெயர். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதனால் 'இங்கிலாந்து' என்றோ 'ஜெர்மனி' என்றோ குத்தியிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். ஆனால் நாட்டின் பெயர் இல்லை என்பதற்காகவே 1891க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உள்நாட்டில் விற்கச் செய்ததில் பிறகும் ஊர்ப் பெயர் மட்டும் இருந்திருக்கலாம். விற்பவர்கள் அதிகமாக வயதை ஏற்றிச் சொல்வது இந்த இடத்தில்தான். 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. கிரீடத்தோடு விக்டோரியா ராணியின் முதலெழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் 1901க்கு முந்தியது.

அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் சேகரிப்பாளர்களுக்கென்றே செய்ததைப் போல ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1940 முதல் 1964 வரை 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று மட்டும் இருக்கும். 1965 முதல் 1969 வரை அதன்கீழ் 'யுஎஸ்ஏ' சேர்ந்தது. 1970இல் எழுத்துகளுக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்து 1979இல் ஒன்றில் வந்து நின்றது. புள்ளியை எண்ணினால் ஆண்டு வந்துவிடும். கேஸின் மாதிரி எண்ணும் பேசும். முதல் இலக்கம் பட்டை: 3 மஞ்சள் செயற்கைப் பொருள், 5 மான் கொம்பு, 6 எலும்பு. இரண்டாவது இலக்கம் அலகுகளின் எண்ணிக்கை. மீதி வடிவ எண். 6254 என்றால் எலும்புப் பட்டை, இரண்டு அலகு, 54ஆம் வடிவம், அதாவது 'டிராப்பர்' எனப்படும் கத்தி வடிவம். 6254 என்று குத்திய கத்தியில் மான் கொம்புப் பட்டை இருந்தால் அந்தப் பட்டை பிற்பாடு மாற்றியதோ என்று சந்தேகப்படலாம்.

முத்திரை தேய்ந்திருந்தாலும் அமைப்பு சொல்லிவிடும். பிரான்சின் ஓப்பினெல் கத்தியை ஜோசஃப் ஓப்பினெல் 1890இல் ஆரம்பித்தார். கிரீடம் வைத்த கைச் சின்னம் 1909இல் வந்தது. அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955இல் வந்தது, மூடிய நிலையிலும் பூட்டும் வசதி 2000இல். ஆகவே வளையமே இல்லாத பெரிய ஓப்பினெல் கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். சின்ன அளவுகளில் இப்போதும் வளையம் கிடையாது, அதை வைத்து ஏமாற வேண்டாம்.

பொதுவாக ஒரு விதி உண்டு: கத்தியில் இருப்பதிலேயே புதிய அம்சம் எதுவோ அதற்கு முந்தியதாக அந்தக் கத்தி இருக்க முடியாது. ஷெஃபீல்டில் ஹாரி பிரெர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913இல். ஆகவே 'ஸ்டெயின்லெஸ்' என்று குத்திய அலகு அதற்குப் பிந்தியதுதான். சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் பெயரில், இந்த எஃகின் பிரெஞ்சுப் பெயரான 'இனாக்ஸ்' ஒட்டியது 1921இல். நட்சத்திர வாய்த் திருப்புளி இருந்தால் 1930களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. எலும்பைப் போலவே வார்த்த டெல்ரின் என்ற பிளாஸ்டிக் பட்டை இருந்தால் 1960ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ.

இன்னொன்று. பழைய பெயர் வேறு, பழைய ஆலை வேறு. அமெரிக்கக் கத்தி நிறுவனங்களான இம்பீரியல் ஷ்ரேட் 2004இலும் கேமிலஸ் 2007இலும் மூடப்பட்டன. அவற்றின் பெயர்களை வாங்கியவர்கள் வேறு இடங்களில் செய்த கத்திகளில் அதே பெயரைக் குத்தி விற்றார்கள். அது முறையான வியாபாரம்தான், ஆனால் சேகரிப்பாளருக்கு இரண்டும் ஒன்றல்ல. ரெமிங்டன் 1922இல் வெளியிட்ட ஆர்1123 என்ற தோட்டா ஷீல்டு கத்திக்கு 1982இல் மறுபதிப்பு வந்தது. மறுபதிப்பை மறுபதிப்பு என்றே சொல்லி வாங்கினால் அதிலும் மகிழ்ச்சி உண்டு.

5. பட்டை என்ன பொருள்?

எலும்பை அடையாளம் காண ஓரங்களைப் பாருங்கள். இரத்த நாளங்கள் ஓடிய சிறு துளைகளும் கருங்கோடுகளும் பூதக்கண்ணாடியில் தெரியும். தொட்டால் பிளாஸ்டிக்கைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். மான் கொம்பில் இயற்கையான மேடுபள்ளம் ஒவ்வொரு பட்டையிலும் வேறு வேறாக அமையும். இரு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் அது வார்ப்பு. நல்ல கொம்புப் பட்டை என்றால் ஒரு காலத்தில் இந்தியக் கடமான் கொம்புதான். நடுவில் சோறு குறைவாகவும் மேலோடு தடித்தும் இருப்பதால் கத்திக்காரர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். பின்னாளில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது.

முத்துச்சிப்பியைத் திருப்பினால் ஒளி ஆழத்திலிருந்து மாறும். போலியில் மேலே மட்டும் மினுக்கும். செல்லுலாய்டு பட்டையைக் கட்டை விரலால் வேகமாகத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், ஏனென்றால் கற்பூரம் அதன் மூலப்பொருள்களில் ஒன்று. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். செல்லுலாய்டு குபீரென்று பற்றிக்கொள்ளும்.

6. கையில் எடுத்துச் சோதியுங்கள்

மூடிய நிலையில் ஆரம்பியுங்கள். அலகின் முனை கைப்பிடிக்குள் முழுக்க அடங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டினால் முனை உடைந்து, மறுபடி சாணை பிடித்த அலகாக இருக்கலாம். நன்றாக அடங்கியிருந்தாலும் கிக்கைப் பாருங்கள். முனை உடைந்த அலகைச் சாணை பிடித்துப் புது முனை செய்தால் அது மேலே தூக்கி நிற்கும். அதை உள்ளே இறக்கக் கிக்கை அரத்தால் ராவிவிடுவார்கள். கிக் தட்டையாக, புது உலோகத்தின் பளபளப்போடு இருந்தால் அலகு குட்டையாக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் லைனருக்கும் இடையே வெளிச்சம் கசிகிறதா? மெல்லிய கீற்று பெரிய குற்றமில்லை, அகன்ற இடைவெளி குற்றம். பட்டையில் மயிரிழை விரிசல்கள், அதைப் பிடித்து வைக்கும் உலோக ஆணியான ரிவெட்டைச் சுற்றித்தான் தொடங்கும். ரிவெட் தலை நசுங்கியோ சுற்றிலும் சுத்தியல் தடத்தோடோ இருந்தால் கத்தியை யாரோ பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள்.

இப்போது ஒவ்வோர் அலகாக மெதுவாகத் திறங்கள். பழைய ஸ்பிரிங் சில நேரம் முரட்டுத்தனமாக இருக்கும், நகம் பெயர்ந்துவிடும். துணியால் பிடித்து இழுக்கலாம், இடுக்கி வேண்டாம். நல்ல கத்தி திறந்து முடியும்போதும் மூடும்போதும் 'டக்' என்று சத்தம் போடும். திறந்த அலகை இடவலமாக லேசாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அச்சாணி தளர்ந்திருக்கிறது.

அடுத்தது அலகின் அகலம். அதே மாதிரியின் பழைய விலைப்பட்டியல் படத்தோடு ஒப்பிடுங்கள். சாணையில் தேய்ந்த அலகு மெலிந்திருக்கும், வயிறு உள்வாங்கியிருக்கும், நகக்குழி கூருக்கு நெருங்கியிருக்கும். கால்வாசிக்கு மேல் தேய்ந்த அலகு, மிக அரிய கத்தியாக இருந்தாலொழிய, விட்டுவிட வேண்டியது. கூர்மை போயிருப்பது பிரச்சினையே இல்லை. அலகின் பக்கத்தில் அமிலத்தால் பொறித்த மெல்லிய எழுத்தோ படமோ மிஞ்சியிருந்தால் அந்த அலகை யாரும் அதிகம் தேய்க்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கத்திக்குத் தனி மதிப்பு உண்டு.

கடைசியாக, எல்லாம் ஒரே காலத்தவையா என்று பாருங்கள். ஓர் அலகு கறுத்தும் இன்னொன்று வெளுத்தும் இருந்தால், முத்திரை கூர்மையாகவும் சுற்றியுள்ள எஃகு அரித்தும் இருந்தால், குழியெல்லாம் துருவாக இருக்கும் அலகில் எழுத்துகளின் உட்புறம் மட்டும் புதுசாக மின்னினால் கேள்வி கேளுங்கள். உண்மையான வயதில் முத்திரையும் உலோகமும் சேர்ந்தே தேயும். புற ஊதா டார்ச் இருந்தால் பட்டையின் ஓரங்களில் அடித்துப் பாருங்கள். புதுப் பசைகளில் பல நீலவெள்ளையாக ஒளிரும்.

7. சுத்தம் செய்வதில் கை அடக்கம்

கார்பன் எஃகில் காலப்போக்கில் ஏறும் சாம்பல், நீல, கருநிறம் துரு இல்லை. அது எஃகைக் காக்கும் மெல்லிய படலம். அதை அகற்றாதீர்கள். செந்நிறத் தூளாக உதிர்வது மட்டுமே துரு. பஃப் சக்கரத்தில் கொடுத்து ஒருமுறை பளபளப்பாக்கினால் முத்திரை மழுங்கும், அலகின் விளிம்புகள் உருண்டு போகும், அமிலப் பொறிப்பு மறையும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. ஒரு கத்தியை இப்படிப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாகிவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூர் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு அலகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சையும் அழுக்கையும் மரக்குச்சியால் எடுங்கள். அச்சாணியில் இரண்டொரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, பலமுறை திறந்து மூடுங்கள். கறுப்பாக எண்ணெய் வெளியே வரும். துடைத்துவிட்டு, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். துருவின்மேல் எண்ணெய் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டு மரக்குச்சியால் சுரண்டுங்கள். போகாவிட்டால் மிக மெல்லிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் நனைத்து அந்த இடத்தில் மட்டும், முத்திரையைத் தொடாமல் தேயுங்கள். பித்தளையில் பச்சையாகப் படிந்த களிம்பும் குச்சிக்கு வந்துவிடும். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், எலும்பும் கொம்பும் உப்பி விரிசல் விடும்.

8. பத்திரப்படுத்துவது, முக்கியமாகச் செல்லுலாய்டு

செல்லுலாய்டு பட்டை வயதாக வயதாகச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை அமிலமாகி அலகை அரிக்கும். மூடிய பெட்டியில் வைத்தால் பக்கத்துக் கத்திகளையும் சேர்த்து அரிக்கும். உறுத்தும் நெடி, பட்டைக்குள் படிகம் போன்ற விரிசல், ரிவெட்டைச் சுற்றிச் சுருக்கம், பட்டைக்குள் அடங்கும் பகுதியில் மட்டும் அலகு திடீரெனத் துருப்பிடிப்பது ஆகியவை அறிகுறிகள். ஒளி ஊடுருவும் வகைகள் சீக்கிரம் கெடும். ஆகவே செல்லுலாய்டு கத்திகளைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில், வெயிலும் சூடும் படாமல் வையுங்கள். மாதாமாதம் எடுத்துப் பாருங்கள். சிதையத் தொடங்கியதை அன்றே மற்றவற்றிடமிருந்து பிரித்துவிடுங்கள்.

மற்றவற்றுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பருத்தித் துணிச் சுருள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். அசல் தோல் உறை இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள், ஆனால் கத்தியை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் எஃகை அரிக்கும்.

9. சட்டம்

பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்கும் கத்திகளுக்குப் பல நாடுகளில் தடை உண்டு. அமெரிக்கா 1958இலும் பிரிட்டன் 1959இலும் அவற்றுக்கு எதிராகச் சட்டம் போட்டன. யானைத் தந்தம், கடலாமை ஓடு ஆகியவற்றில் பட்டை போட்ட கத்திகளுக்கு அழிந்துவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த சைட்டஸ் ஒப்பந்தம் பொருந்தும். எல்லை தாண்டி அனுப்புவதற்கு முன், வாங்குவதற்கும் முன், இரு நாட்டு விதிகளையும் பார்த்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, பதிவு செய்த பெட்டிக்குள் மட்டும்.

10. குறிப்பேடு

கத்தி வந்த அன்றே எழுதிவிடுங்கள்: முத்திரையின் வாசகம் வரிக்கு வரி, மாதிரி எண், மூடிய நீளம், அலகின் நீளமும் அகலமும், பட்டை, குறைகள், யாரிடம் எப்படி வந்தது. டேங்கின் படமும் இருக்கட்டும். கொடுத்தவர் அது தன் தாத்தாவுடையது என்று ஒரு விவரம் சொன்னால் அதையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். அலகின் அகலத்தை அளந்து வைத்திருந்தால், அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும்போது எது அதிகம் தேய்ந்தது என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். அப்புறம் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை, குறைகளையும் குறிப்புகளையும் சேர்த்து, புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிற ஒருவருக்குக் கொடுக்கலாம்.